சிணுங்கல் என்று எழுதினேன்

அந்த இசைத்தட்டைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் இப்போதும் கெட்டுப்போன எதையோ வாயில் போட்டதுபோல் இருக்கிறது. பழைய ரெக்கார்டு சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியது அது. "பாட்டைவிட அந்தப் பெண்ணின் சிணுங்கல் பிரமாதம். ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சை இழுத்து ஒரு சிணுங்கு சிணுங்குகிறாள் பாருங்கள், செத்தவனும் எழுந்து ஆடுவான்." எழுதிய எனக்கு ஐம்பத்திரண்டு வயது. காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

தட்டு எங்கள் ஊரில் பழைய சாமான் விற்கிற கடையொன்றில் கிடைத்தது. பீங்கான் ஜாடிகளுக்குப் பின்னால், எலிப்புழுக்கை ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள், பக்திப் பாடல் தட்டுகளுக்கு நடுவே கிடந்தது. பெயர் அச்சிடாத வெள்ளை லேபிள். அதில் பேனாவால் 'டிஸ்கோ' என்று மட்டும் எழுதியிருந்தது. வீட்டில் போட்டுக் கேட்டதும் தெரிந்துவிட்டது. எங்கள் வட்டத்தில் பலரும் பல வருடமாகத் தேடிய 'வாரீகளா மிக்ஸ்' அதுதான்.

அதற்கு முன் நாங்கள் கேட்டிருந்ததெல்லாம் யாரோ கேசட்டில் பதிந்து வைத்திருந்த ஓர் அரைகுறைத் துண்டு. மெஷின் தாளம், கீபோர்டு, அதற்கு மேலே ஒரு பெண்குரல் "எந்திரிச்சு வாரீகளா, வாரீகளா, வாரீகளா" என்று கொஞ்சிக் கூப்பிடும். எண்பதுகளில் சிங்கப்பூரில் சில தட்டுகள் மட்டும் அடித்தார்கள் என்று பேச்சு. காதலனை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிற பாட்டு என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். பாடியவள் கிளப்பில் ஆடுகிறவள் என்றார் ஒருவர். அவள் இடுப்பு எப்படி இருந்திருக்கும் என்பதுவரை பேச்சு போனது. நான் தடுக்கவில்லை. சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

மதுரையில் எனக்கொரு சேகரிப்பாளர் நண்பர். தட்டு கிடைத்த செய்தி தெரிந்ததும் அவர் விடவில்லை. "பாடுனது யாரு, எங்க ரெக்கார்டு பண்ணாங்க, அதைக் கண்டுபிடிங்க சார். மறுபதிப்புப் போட்டுருவோம். கதையோட வந்தாத்தான் மதிப்பு" என்று தினமும் போன் செய்தார். எனக்கும் ஆசைதான். 'வாரீகளா' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பக்திப் பாடல் தட்டு ஒன்றைக் கேட்டு முடித்துவிட்டு இதை எடுத்துப் போட்டேன். பிளேயரின் வேகத்தை நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுக்கு மாற்ற மறந்துபோனேன். முப்பத்துமூன்றிலேயே தட்டு சுற்றியது. தாளம் யாரோ சுவரில் முட்டுவதுபோல் மெதுவாக விழுந்தது. குரல் இறங்கி, இளம்பெண்ணின் கீச்சுக் குரல் போய், முப்பது வயதைத் தாண்டிய ஒருத்தியின் கனத்த குரல் வந்தது. நான் சிணுங்கல் என்று எழுதினேனே, அது கேவல். மூச்சு அடைத்து, மூக்கை உறிஞ்சி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற கேவல். பின்னணியில் வேறு பெண்களும் அழுதார்கள். சொற்கள் இப்போது தெளிவாகக் கேட்டன.

"கொத்தமங்கலம் கம்மாயில மடை தெறக்கப் போன ராசா, நாலு பொட்டப்புள்ள வாசல்ல நிக்குது, எந்திரிச்சு வாரீகளா..."

அது ஒப்பாரி. சாவு வீட்டில் பதிந்த அழுகையை வேகமாக ஓடவிட்டு, வெட்டி ஒட்டி, அடியில் தாளம் போட்டிருக்கிறார்கள். ஊசியைத் தூக்கிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் மதுரை நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் வெட்கம் இருந்தது உண்மை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையும் இருந்தது. மறுவாரமே அவர் காரில் வந்து இறங்கினார். இருவருமாகக் கொத்தமங்கலம் போனோம்.

பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை. முன்பு மடை திறக்கப் போய்க் கண்மாயில் இறந்த, நாலு பெண் பிள்ளைகளின் தகப்பனார் யாராவது உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "அவரா? அவரு மூணாவது மக இங்குட்டுத்தேன் மாவு மில்லு வச்சிருக்காக. மஞ்சக் கட்டடம்."

மில்லில் அந்த அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, இமையெல்லாம் சிவப்புத்தூள். என்னைவிடச் சற்று மூத்தவர். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்தினார். முப்பத்துமூன்று வேகத்தில் ஓடவிட்டு என் போனில் பதிந்துவைத்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். இரண்டு வரிதான் ஓடியிருக்கும்.

"நிப்பாட்டுங்க" என்றார். "எங்க அம்மா."

நிறுத்தினேன். கொஞ்ச நேரம் துண்டால் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"எங்க சித்தப்பா அப்ப சிங்கப்பூர்ல இருந்தாக. அப்பா செத்ததுக்கு லீவு கெடைக்கல. அவுக வாங்கிக் குடுத்த டேப்ரிக்கார்டர் வீட்ல இருந்துச்சு. சாவு வீட்டுச் சத்தமாச்சும் கேக்கட்டும்னு பதிஞ்சு அனுப்புனோம். எனக்குப் பதினோரு வயசு. நாந்தேன் பட்டனை அமுக்குனேன்."

"அதைத் தட்டாப் போட்டது யாருக்கா?" என்று கேட்டேன்.

"அவுகதேன். சித்தப்பாதேன். அங்குட்டு ஒரு பாட்டுக் கோஷ்டியில சேந்திருந்தாக. ரெண்டு வருசங் கழிச்சு ஊருக்கு வந்தப்ப கையில தட்டோட வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, 'அண்ணி, ஒங்க பாட்டுக்கு அங்க எல்லாரும் ஆடுறாக'ன்னு சிரிச்சாக. எங்க அம்மா அதை வீட்டுக்குள்ள கொண்டுவர விடல. வாசலோட போயிருங்கன்னுட்டாக. காரைக்குடியில எந்தக் கடையிலயோ போட்டுட்டுப் போனதாப் பேச்சு."

துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். "அதுக்கப்புறம் அம்மா எந்தச் சாவு வீட்லயும் வாயத் தொறக்கல. அவுகளைப் பெத்த ஆத்தா செத்தப்பக்கூட முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தாக. கல்நெஞ்சக்காரின்னு ஊர்ல பேசுனாக. எதுக்குன்னு எங்களுக்குத்தேன் தெரியும்."

நான் போனைப் பைக்குள் வைத்தேன். நண்பர் விடவில்லை. "அம்மாவோட போட்டோ இருக்குங்களா? அட்டையில போட நல்லா இருக்கும்" என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார். "தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று சொல்லி மெஷினைப் போட்டுவிட்டார்.

காரில் நண்பர் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சந்தோஷப்பட்டார். "இதைவிடக் கதை கெடைக்குமா சார்?" சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். கேமரா வெளியே பார்க்கும்படி வைத்து, மில்லில் நடந்தது முழுவதையும் எடுத்திருந்தார். துண்டால் கையைத் துடைத்த அந்த நேரம் எல்லாம் அதில் இருந்தது. வியர்வை மின்னும் நண்பரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இதை அழிச்சிருங்க" என்றேன். "சரி சார், சரி சார்" என்றார். காரைக்குடி பஸ் நிலையத்துக்கு முன்பே இறங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் நாள் வீடியோ குழுவுக்கு வந்துவிட்டது. நான் எழுதிய வரியையே தலைப்பாகப் போட்டிருந்தார். கீழே அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒருவர் மெதுவேகப் பதிவும் வேண்டும் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், இப்போது தட்டின் அருமை இன்னும் கூடிவிட்டது என்று எழுதியிருந்தார். நண்பருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "நீங்களுந்தான சார் ரசிச்சீங்க? இப்ப என்ன புதுசா?" போனை வைத்தேன். குழுவைவிட்டு வெளியேறினேன். வெளியேறியதும் மனசு சுத்தமாகிவிடும் என்று நினைத்திருந்தால் அதுவும் என் முட்டாள்தனம்.

தட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கொத்தமங்கலம் போனேன். வேறு யாராவது சொல்வதற்குமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். ஆனால் திருப்பூரிலிருக்கும் மில்லுக்கார அம்மாவின் மகள் அதற்குள் அவருக்கு வீடியோவை அனுப்பியிருந்தாள்.

"நீங்களா எடுத்தீக?"

"இல்லக்கா. ஆனா அவரைக் கூட்டிட்டு வந்தது நான்தான்."

"அந்தாளு நம்பரைக் குடுங்க."

கொடுத்தேன். என் எதிரிலேயே பேசினார். குரலை உயர்த்தவில்லை. "எங்க அம்மா அழுதது எங்க அப்பாவுக்கு. ஒனக்கில்ல. அதை எடு. எடுக்கலைன்னா மதுரைக்கு வந்து ஒன் வீட்டு வாசல்ல ஒக்காருவேன்." மத்தியானத்துக்குள் நண்பர் வீடியோவை எடுத்துவிட்டார். எத்தனை பேர் போனில் இறக்கி வைத்திருக்கிறார்களோ, அது யாருக்கும் தெரியாது.

தட்டை நீட்டினேன். வாங்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நிற்க, அவர் கேட்டார்: "தம்பி, அந்தக் கொட்டுச் சத்தமில்லாம அம்மா சத்தம் மட்டும் வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். குரலைத் தனியாகப் பிரிக்கிற ஆப்பெல்லாம் இப்போது இருக்கிறது. ஒரு வாரம் லீவு போட்டு உட்கார்ந்தேன். தாளம் போனது, கீபோர்டு போனது. ஆனால் ஒவ்வொரு கேவலுக்கு அடியிலும் 'தொம்' என்று ஓர் அழுக்கு ஒட்டிக்கொண்டே வந்தது. அதைவிட மோசம், அவர்கள் வெட்டி ஒட்டிய வரிகளில் முன்னது எது பின்னது எது என்று தெரியவில்லை. ஒரே 'வாரீகளா'வை எட்டுமுறை ஒட்டியிருந்தார்கள். அழுத அந்தத் தாய் தன் புருஷனை அப்படி எட்டுமுறை கூப்பிட்டிருக்க மாட்டார். நடுவில் வேறு என்ன சொல்லி அழுதார் என்பது எங்கேயும் இல்லை.

போய் உள்ளதைச் சொன்னேன். அவர் ஒரு மூட்டை மல்லியைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"பாதிதான் வருதா?"

"பாதிகூட இல்லக்கா."

"அப்ப வேணாம்" என்றார். "எனக்குத்தேன் முழுசும் மனப்பாடமாத் தெரியுமே."

பட்டையை மாட்டி மெஷினைப் போட்டார். மல்லித்தூள் பறந்து மூக்கில் ஏற, நான் தும்மிக்கொண்டே ரோட்டுக்கு வந்து காரைக்குடி பஸ்ஸுக்காக நின்றேன்.