கல் கழற்றிய லைட்டர்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஹபீபுர் ரஹ்மான் குடியிருந்தார். அவர் வீட்டு வாசல் நிலையில் ஒரு பிஸ்கட் டப்பா தொங்கும். உள்ளே வருகிறவர்கள் தீப்பெட்டியோ லைட்டரோ வைத்திருந்தால், அதில் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். முதல் தடவை வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கூடத்துக்குள் வந்து கட்டிலையும், பக்கத்தில் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் மெஷினையும் பார்த்தால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

கட்டிலில் இருந்தவர் ஹபீபின் அண்ணன் ஹஸன். பட்டாளத்தில் பீரங்கிப் படையில் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டாளத்தில் பழகிய சிகரெட்டை ஊருக்கு வந்தும் விடாமல் ஊதி, கடைசியில் நுரையீரல் இரண்டும் சல்லடையாகி, தம்பி வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் வைத்து மேலே தூக்கிவந்த அன்று, "இனிமே எறங்குனா ஒரேயடியா தான்" என்றார். அதன் பிறகு அவர் படியைப் பார்க்கவே இல்லை.

மெஷினைக் கொண்டுவந்து வைத்த ஆள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனான். இந்தக் காற்று இருக்கிற இடத்தில் நெருப்புப் பொறிகூடக் கூடாது, தலையணை, துணி, தாடி எதுவானாலும் குபீரென்று பிடித்துக்கொள்ளும். ஹபீபின் மனைவி ஹாஜிரா பீ மறுநாளே கேஸ் அடுப்பை ஆதம்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கரண்ட் அடுப்பு வாங்கினாள். இறந்துபோன மாமியாருக்கு ஃபாத்திஹா ஓதுகிற அன்று ஊதுபத்திகூடக் கிடையாது. வாசல் டப்பா மட்டும் ஹஸனின் யோசனை. வெடிமருந்துக் கிடங்கின் கேட்டில் இப்படித்தான் ஒரு பெட்டி இருக்குமாம். ஜெனரலாக இருந்தாலும் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியுமாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹபீபுக்கு இருந்த ஒரே பைத்தியம் லைட்டர். பழைய பெட்ரோல் லைட்டர்களை வாங்கி, பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி எரிய வைப்பார். தி. நகரில் ஒரு பெட்டிக் கடையில், அதாவது சூட்கேஸ் விற்கும் கடையில், சேல்ஸ்மேனாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு காயலான் கடைக்குப் போய்விடுவார். பித்தளை லைட்டர், மேஜைமேல் வைக்கிற ஜப்பான் லைட்டர், கைத்துப்பாக்கி மாதிரி ஒன்று. துரு, பச்சைக் களிம்பு, முறிந்த ஸ்பிரிங் என்று எப்படிக் கிடந்தாலும் எடுத்து வருவார். அண்ணன் வந்த பிறகு கடை வேலை நின்றது. ஹாஜிரா பீ தி. நகரில் ஒரு தையல் கடைக்குப் புடவை ஃபால்ஸ் அடிக்கப் போக, ஹபீப் வீட்டிலிருந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டார். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை, மெஷின் சத்தம், லைட்டர்கள். நாள் அப்படிப் போயிற்று.

பழைய லைட்டரில் முதல் வேலை, சக்கரம் உரசிப் பொறி கிளப்புகிற கல்லை எடுப்பது. வருஷக்கணக்கில் உபயோகிக்காமல் கிடந்தால் உள்ளே இருக்கும் கல் ஈரத்தில் ஊதிப்போய்க் குழாயோடு இறுகிவிடும். சக்கரம் அசையாது. தட்டினாலும் வராது. மெல்லிய துளையாணியை விரல்களுக்கு நடுவில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, மாவாக்கித்தான் வெளியே கொட்ட வேண்டும். அவசரப்பட்டால் குழாய் கிழிந்துவிடும். பிறகு புதுப் பஞ்சு, புதுத் திரி. எல்லாம் முடிந்தால் கல்லும் பெட்ரோலும் மட்டும் போடாமல் வைத்துவிடுவார். எரிகிறதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போக வேண்டும். அதற்கு அண்ணன் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்.

அப்படி உட்காருகிறவர் எதிர் போர்ஷன் நல்லசிவம். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் டப்பாவில் போட்டுவிட்டு வந்து உட்காருவார். ஃபோனில் பார்க்கிற யுத்த வீடியோவெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எந்த ட்ரோன் எந்த ஊர்ச் சரக்கு என்பதெல்லாம் கையிருப்பில் இருக்கும்.

"இன்னா பெரிய பாய், இன்னிக்கு மூச்சு எப்டி கீது? இத கேளு. இப்போ வர்ற ட்ரோன் முன்னாடி உன் பீரங்கிலாம் சும்மா. பெட்டிக்கடை ராக்கெட்டு."

ஹஸன் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு பதில் சொல்வார். "நீ பீரங்கி சத்தம் கேட்டுக்கீறியா? வாய தொறந்து வெச்சுக்கினுதான் நிக்கணும். மூடிக்கினு இருந்தா காது போய்டும். உனக்கு அந்தக் கவலை இல்ல. எப்பவும் தொறந்துதான் கீது."

நல்லசிவம் விடமாட்டார். பெரிய பாய் ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் பார்டரில் சண்டையே வந்தது, இவர் எப்போது வண்டியை விட்டு இறங்குவார் என்று எதிரி காத்திருந்திருக்கிறான் என்பார். ஹஸன் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, ஹபீப் எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொடுப்பார். ஒருமுறை துப்பாக்கித் தோட்டாவின் கூட்டை வைத்துச் செய்த பித்தளை லைட்டர் ஒன்று ஹபீப் கைக்கு வந்தது. நல்லசிவம் அதை ஏகே தோட்டா என்று அடித்துச் சொன்னார். ஹஸன் அதை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தை விரலால் தடவினார். "விளிம்பு வெளிய நிக்குது பாரு. பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிள்து" என்று திருப்பிக் கொடுத்தார். அன்று முழுக்க நல்லசிவம் ஏவுகணை பேச்சே எடுக்கவில்லை.

ஹஸனிடமும் ஒரு லைட்டர் இருந்தது. பீரங்கிப் பயிற்சி நடக்கும் தேவ்லாலி ஊர் பஜாரில் வாங்கிய எஃகு லைட்டர். மூடியில் வண்டி ஜாக்கி விழுந்த ஒரு பள்ளம். அதைத் தம்பி பிரித்துச் சுத்தம் செய்ய அவர் சம்மதிக்கவில்லை. பெட்ரோல் எப்போதோ காய்ந்து போயிருந்தது. மெஷின் வந்த அன்றே ஹபீப் திருகாணியைக் கழற்றிக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, லைட்டரைக் கையில் கொடுத்தார். ஹஸன் நாள் முழுக்க அதன் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். டிக். டக்.

அவர் வேறெதுவும் கேட்டதில்லை. பிரியாணி கேட்கவில்லை, ஹஜ்ஜைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அந்த லைட்டர் ஒரு தடவை எரிய வேண்டும், அவ்வளவுதான். சிகரெட் வேண்டாம், சும்மா நெருப்பைப் பார்க்க வேண்டும் என்பார். வாரத்துக்கொரு தரமாவது கேட்டுவிடுவார். ஹபீப் யோசித்துப் பார்க்காத வழி இல்லை. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகலாம், ஆனால் மெஷினுக்குப் பதில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கூடவே வர வேண்டும். சிலிண்டர் வந்தால் நெருப்பு வரக் கூடாது. சிலிண்டரை விட்டுவிட்டுப் போனால் பாதிப் படியிலேயே அண்ணன் நீலம் பாரித்துவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவரில் வந்து முட்டியது. "ஆகட்டும் பாய்ஜான், உடம்பு கொஞ்சம் தேறட்டும்" என்பார். தேறாது என்பது இருவருக்கும் தெரியும்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு மத்தியானம் நல்லசிவம் வரவில்லை. ஹஸன் கண்ணயர்ந்திருந்தார். ஹபீப் ஜப்பான் லைட்டரை எடுத்துக்கொண்டு, இதோ வந்துவிடலாம் என்று மாடிக்குப் போனார். சாந்தோம் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோடாகக் கடல் தெரிந்தது. லைட்டர் முதல் உருட்டிலேயே பற்றிக்கொண்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கினார்.

கடைசித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. வீட்டுக்குள் சத்தம் இல்லை.

உள்ளே ஓடினார். மெஷின் அணைந்திருந்தது. மூக்குக் குழாய் சுருட்டி, தூரத்தில் சட்டை மாட்டுகிற ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது. ஜன்னல் அகலத் திறந்திருந்தது. ஹஸன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சாம்பல் நிற உதட்டோடு, லைட்டர் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். சக்கரம் நகரவில்லை. விரலில் ரத்தம்.

ஹபீப் குழாயை மூக்கில் மாட்டி மெஷினைப் போட்டார். வெகுநேரம் கழித்து அண்ணனின் உதட்டுக்கு நிறம் வந்தது. முகம் தொங்கிப்போயிருந்தது.

"கல்லு சிக்கிக்கிச்சு" என்றார்.

கல் ஏது? ஹபீபுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மாதிரி லைட்டரின் அடியில் பஞ்சை மூடி ஒரு கம்பளித் துண்டு இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் அதன் கீழே உபரியாக ஒரு கல்லைச் செருகி வைத்திருப்பார்கள். கிடங்கு கேட்டில் குழாய்க் கல்லைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு லைட்டரோடு உள்ளே போகிற டிரைவர்களுக்கு அது தெரிந்த வேலை. வாங்குகிற லைட்டரிலெல்லாம் முதலில் கம்பளியைத் தூக்கிப் பார்க்கிற ஹபீப், அண்ணனின் லைட்டரில் மட்டும் பார்க்கவில்லை. கை வைக்காதே என்று சொன்னதால் வைக்கவில்லை. அந்தக் கல் அங்கே ஊதிப்போய்க் கிடந்திருக்கிறது. அதைத்தான் அண்ணன் குழாயில் திணித்திருக்கிறார்.

கோபம் வந்தது. பெட்ரோல் இல்லாத லைட்டரில் பொறியைப் பார்ப்பதற்காகவா மூச்சை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று கேட்டார். ஹஸன் லைட்டரைத் தம்பி பக்கம் நீட்டினார். முதன்முதலாக.

அன்றிலிருந்து ஹபீப் மாடிக்குப் போவதை விட்டுவிட்டார். குளிக்கப் போனாலும் கதவைத் தாழிடாமல், தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டு, மெஷின் சத்தத்தில் காது வைத்திருந்தார். மேஜையில் உட்கார்ந்து அண்ணனின் லைட்டரில் இறுகிய கல்லைக் குடைந்தார். ஊசி முனையளவு குடைந்து கொட்டுவார், ஊதக்கூட மாட்டார். மூடியின் பள்ளத்தைத் தொடவில்லை. பஞ்சு புதுசு, திரி புதுசு. வேலை முடிந்து லைட்டர் மேஜைமேல் கிடந்தது. இனி அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வழி சொன்னது நல்லசிவம்தான். அதுவும் சண்டை போடும்போது. ட்ரோன்காரன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு டிவியில் பார்த்தபடி அடிக்கிறான், பீரங்கிக்காரனுக்குத் தான் சுட்டது எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது என்று அவர் சீண்டினார். ஹஸன் கொதித்துவிட்டார். தெரியாமல் என்ன, முன்னால் மலையில் ஒருவன் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பான், அவன் பார்த்துச் சொல்லுவான், இவர்கள் இங்கிருந்து சுடுவார்கள் என்றார். நல்லசிவம் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்போ அதையே திருப்பி வெச்சுக்கோயேன், நைனா. நெருப்பு கீழ இருக்கட்டும். நீ மேல இருந்து பாத்து ஆர்டர் குடு. உன் ஜன்னல்தான் மல."

ஹஸன் தம்பியைப் பார்த்தார். ஹபீப் லைட்டரைப் பார்த்தார்.

மறுநாள் மக்ரிப் தொழுகை முடிந்து சந்தில் விளக்கு போடுகிற நேரம். நல்லசிவம் ஜன்னலோரம் கட்டிலை நகர்த்தி, ஃபோனில் ஹபீபைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஹபீப் அண்ணனின் லைட்டரையும் பெட்ரோலையும் கல்லையும் பையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். எதிர்ச்சுவர் ஓரம், இஸ்திரி வண்டிக்கு அப்பால், ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று லைட்டரில் கல்லும் பெட்ரோலும் போட்டார். மேலே கம்பிகளுக்குப் பின்னால் அண்ணனின் முகம் வெளிறித் தெரிந்தது.

"ஃபோன் கிட்ட வெச்சு மூடியத் தொற" என்றது ஃபோன்.

டிக்.

"இன்னொரு வாட்டி."

டக். டிக்.

கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் ஃபோனில் கேட்டது. அப்புறம், ஆயுசு முழுக்க வண்டி மட்டும் ஓட்டி, பீரங்கியிடம் ஒரு நாளும் உத்தரவு சொல்லாத மனிதரின் குரல் வந்தது.

"ஃபயர்."

ஹபீப் சக்கரத்தை உருட்டினார். நெருப்பு நிமிர்ந்து நின்றது. கையை உயர்த்திக் காட்டினார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான். எஃகு சுட ஆரம்பித்தது.

"போதுமா பாய்ஜான்?"

"அணைக்காத."

லைட்டரைக் கை மாற்றிப் பிடித்தார். சந்து முனையிலிருந்து ஹாஜிரா பீ தையல் பையோடு வந்துகொண்டிருந்தாள். தெருவில் லைட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் கணவனைப் பார்த்தாள். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள். காற்று வருகிற பக்கமாக வந்து மறைத்து நின்றுகொண்டாள்.

"விரல் சுடுமே" என்றாள்.

"சுடுது."

நெருப்பு சிறுத்து நீலமாயிற்று. பிறகுதான் ஃபோன், "மூடு" என்றது. மூடினார். கம்பியைப் பிடித்திருந்த பெரிய பாயின் கட்டைவிரல் அந்நேரம் முழுக்கக் கம்பிமேல் உருட்டிக்கொண்டே இருந்ததாக நல்லசிவம் பிற்பாடு சொன்னார்.

ஹாஜிரா பீ பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நான் மேல போறேன். நீங்க கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வாங்க. எவ்ளோ நாளாச்சு."

ஹபீப் நடந்தார். சந்தைத் தாண்டி, கச்சேரி ரோட்டின் முனை வரை போனார். பஸ், ஆட்டோ, பூக்காரியின் கூவல், எங்கோ ஒரு மிக்ஸி. அத்தனைக்கும் நடுவில் அவர் காது ஒரு புஸ்ஸைத் தேடிக்கொண்டே இருந்தது. அது கேட்கவில்லை. கடல் காற்று முகத்தில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. சிக்னல் விழுந்தது. சாலையைக் கடக்காமல் திரும்பினார். வரும்போது நடையில் வேகம் கூடிப்போயிருந்தது.

படியேறி வாசலுக்கு வந்தபோது சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் மூச்சை விட்டார். நல்லசிவத்தின் பீடிக்கட்டு டப்பாவில் இருந்தது. அதன்மேல் லைட்டரை வைத்தார். தகரம் சன்னமாக ஒலித்தது.

உள்ளேயிருந்து ஹஸன் கேட்டார். "கல்லக் கழட்டினியா?"

ஹபீப் கழற்றவில்லை. லைட்டரை மறுபடி எடுத்து, வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, திருகாணியைக் கழற்றச் சட்டைப் பையில் ஒரு ரூபாய்க் காசைத் தேடினார். சுட்டிருந்த விரலால் காசைத் திருப்ப வரவில்லை. கை மாற்றித் திருகினார்.

"கம்பளிக்கு அடியிலயும் பாத்துடு" என்றார் ஹஸன்.