வாங்காத நிலத்தில் ஒரு குழி

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழக் குழிக்குள் அண்ணி நின்றிருந்தார். மேலே நின்று நிலக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலத்தை நாங்கள் இன்னும் வாங்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஜலகண்டாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு குழித்தறி போட்டிருந்தோம். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதித்து நெய்யும் தறி அது. ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் அண்ணியும் நானும் மாறி மாறி. வருகிற தை பிறந்ததும் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அப்போதுதான் ஊருக்கு வெளியே, ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தது. கோடையில் பார்த்த அன்றே அண்ணனுக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்திலேயே கிணறு, ஓரமாக வண்டிப்பாதை. அண்ணி மட்டும் வெடித்துக் கிடந்த களிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழை பேஞ்சதும் ஒருக்கா பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்க" என்றார். "அதுக்குள்ள வேற ஆளு வாங்கிட்டா, தறியத் தூக்கிட்டு நடுரோட்டுல நிக்கறதா?" என்று சீறிய அண்ணன், அதன்பின் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை; ஆனாலும் முன்பணம் கொடுக்காமல் மழைவரை பொறுத்தார்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் அண்ணி கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கிளம்பினார். நானும் போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணனும் வந்தார். வெட்டிய குழியில் சற்று நேரத்திலேயே தண்ணீர் ஊறி அண்ணியின் கணுக்காலை மூடியது. அந்த நேரத்தில்தான் நிலக்காரர் வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, வாங்காத நெலத்துல குழி வெட்டறீங்களே, இது என்ன நாயமுங்க?"

"ஊடு மட்டும்னா மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கலாமுங்க. தறிக்குக் குழி வேணும். தண்ணிக்குள்ள காலை வெச்சுக்கிட்டு எப்புடிங்க நெய்யறது?" என்றார் அண்ணி.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். கோபம் இறங்கியது. "ஏரி நெறஞ்சா இப்படித்தானுங்க அம்மிணி. நெல்லுக்குன்னா இது தங்கம்" என்றார். அண்ணி ஏறி வந்து, வயலுக்கு அப்பால் கல்லும் பாறையுமாய்க் கிடந்த கரட்டு மேட்டைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டார். நிலக்காரர் சிரித்துவிட்டார். "என்னுதுதானுங்க. அங்க எள்ளுகூட மொளைக்காது."

"எங்களுக்கு எள்ளு வேண்டாமுங்க."

மேட்டில் ஒரு குழி வெட்டி முடிப்பதற்குள் கடப்பாரை துள்ளித் துள்ளி விழுந்தது. அன்றிரவு மறுபடி மழை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன்; தேங்கியிருந்த மழைத்தண்ணீரை இறைத்துக் கொட்டியபின் குழியில் சொட்டு ஊறவில்லை. ஆனால் மேட்டுக்குப் பாதை இல்லை. கல்வண்டி ஏற வழியில்லாத இடத்தில் எதைக் கட்டுவது? நிலக்காரர் தன் வயலோரமாக வண்டி போகும் அகலத்துக்குப் பாதை விட்டு, அதையும் பத்திரத்தில் எழுதினால்தான் வாங்குவோம் என்று அண்ணி நின்று, அவரைச் சம்மதிக்கவும் வைத்தார். அங்கே வீடு கட்டத் தடை ஏதுமில்லை என்று பஞ்சாயத்திலும் நேரில் கேட்டறிந்தார். தையில் வேலை முடியாது என்று தெரிந்ததும், வாடகை வீட்டுக்காரரிடம் தானே போய்ப் பேசி மாசிவரை தவணை வாங்கினார். மாசியில் குடிபோனோம். அடுத்த ஐப்பசியில் கீழே வயலெல்லாம் வெள்ளமாய் மின்னியபோது, மேலே எங்கள் தறிகள் ஒருநாளும் நிற்கவில்லை.

இப்போது கோடையில் கல் நட்டு விற்கும் மனைகளைக் கடக்கும்போதெல்லாம், மழையில் இது எப்படி இருக்கும் என்றுதான் என் மனம் கேட்கிறது.

நாங்கள் மேட்டில் குடியேறிச் சில வருஷம் கழித்து அந்த நிலக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். "அம்மிணி, பெரியவனுக்கு ஊடு கட்டோணும். எடத்தை ஒருக்கா வந்து பாக்கறீங்களா?"

"இந்தப் பாவு நூலை முடிச்சுட்டு வாரேனுங்க" என்றார் அண்ணி, தறியில் குறுக்கே ஓடிய நாடாவை நிறுத்தாமல்.

பக்கத்துத் தறியிலிருந்து அண்ணன் எழுந்தார். "பாவு நாளைக்கும் இருக்கும். கெளம்பு, நானும் வாரேன்."