சவளக்கடைக்குப் போன பிரதி

சுனாமியில் என் கணினி உப்புத்தண்ணியில் ஊறிப்போனது. நானும் பக்கத்து ஊர் சவளக்கடையில் இருக்கும் என் கூட்டாளியும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த தமிழ் தட்டச்சு மென்பொருளில் பாதி அதோடு போனது. மிச்சத்தை ஒரு சீடியிலிருந்து மீட்டு, கல்முனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் புதுக் கணினி வைத்தேன். திருத்தங்களைச் சேமித்து வைக்கும் சப்வேர்ஷன் முறை. திருத்தங்களின் வரலாறு முழுவதும் அந்த ஒரு கணினியில்தான் இருக்கும். அதற்கு நான்தான் காவல். கூட்டாளி எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிட்டு, திருத்தக் குறிப்பில் நாலு ஏச்சும் எழுதி வைப்பேன்.

யுத்தம் முடிந்த பிறகு, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அவர், "கிட்டுக்கு மாறுவம் நானா" என்றார். கிட் என்பது சப்வேர்ஷன் மாதிரி இன்னொரு முறை; அதில் முழு வரலாறும் ஆளுக்கொரு பிரதியாக இருக்குமாம்.

"ஒரு பூட்டுக்கு எதுக்கு ரெண்டு திறப்பு?" என்று சீறினேன். மனம் இறங்க மூன்று மாதம் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, பழைய திருத்தங்களைக் குறிப்புகளோடு ஒன்றுவிடாமல் கிட்டுக்கு மாற்றினோம். அவருடைய பிரதி மடிக்கணினியில் சவளக்கடைக்குப் போனது.

அடுத்த மாரியில் இடி விழுந்து மேல்மாடிக் கணினி கருகியது. மழையில் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தலை துவட்டத் துவாயும் குடிக்கப் பிளேன்டீயும் தந்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார்.

"ஒண்டும் போகல்ல நானா" என்றார். "எல்லாம் கிடக்கு. நீங்க எனக்கு ஏசினதும் வரிக்கு வரி அப்படியே கிடக்கு."