புளூடூத்தில் போன பூங்கோதையின் சேதி

நேற்று என் மகள் தன் போனில் இருந்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொன்னாள். கேபிளைக் காணோம். சரி, புளூடூத் இருக்கிறதே என்று அதைத் திறந்தேன். "அதெல்லாம் யாரும்மா இப்ப..." என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் விடவில்லை. 'தேடு' என்று அமுக்கியதும் பக்கத்து வீட்டு டிவி, மாடி வீட்டுக்காரரின் இயர்போன் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கம்ப்யூட்டர் சூடாகி, லேசாகப் பிளாஸ்டிக் வாசனை கிளம்பியது. அவ்வளவுதான், நான் மனசால் பழைய குளத்தூருக்குப் போய்விட்டேன்.

படிப்பு முடித்த கையோடு குளத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மனு அடிப்பது, பரீட்சை முடிவு பார்த்துச் சொல்வது, காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவது, இவைதான் வேலை. பக்கத்தில் டீக்கடை. சூடான கம்ப்யூட்டர் வாசனையும் வடைச்சட்டி வாசனையும் கலந்து என் சுடிதாரில் ஏறிவிடும். "நீ கம்ப்யூட்டர் வேலைக்குப் போறியா, வடை சுடப் போறியா?" என்று அம்மா கேட்பார்.

கடைக்காரர் சேவியர் அண்ணன் கம்ப்யூட்டரில் சொருகுகிற நகத்தளவு புளூடூத் குச்சி ஒன்று வாங்கி வந்து, தொலைந்துவிடக் கூடாதென்று அதற்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். ரோட்டை ஒட்டிய கடை. பஸ் வந்து நின்றால் போதும், உள்ளே இருக்கிறவர்களின் போன் பெயரெல்லாம் எங்கள் திரையில் விழும். 'கருவாயன்', 'தொட்டா ஒதை', 'கவிதாவுக்கு மட்டும்'. யார் அந்தக் கருவாயன் என்று எத்தனையோ தடவை சன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் எல்லாரும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கடைக்குத்தான் பூங்கோதை தன் ஆத்தாவோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒரு பழைய போனை மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசியது அவள் ஆத்தா.

"இவளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது தாயி. மருமகனுக்கும் அப்படித்தான். அவரு திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. ரெண்டு பேரும் போன்ல பேசிக்க வழியில்லைல்ல? அதான் இவ கையால பேசுறத வீடியோ புடிச்சிருக்கேன். எப்படியாவது அங்கிட்டு அனுப்பிவிடு."

திருப்பூரில் அவர் அறைக்கூட்டாளிக்கு ஒரு மெயில் முகவரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் இரண்டு பேரும் நெட் சென்டருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வார்களாம். மெயிலில் போட வேண்டுமானால் வீடியோ முதலில் போனிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். போனில் கேபிள் சொருகுகிற இடம் உடைந்திருந்தது. எனவே சிவப்பு நூல் குச்சி. போனிலும் கம்ப்யூட்டரிலும் ரகசிய எண்ணாக நான்கு சுழியம் அடித்து இணைத்தேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. போனை அசைத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று சைகையில் சொன்னேன். பூங்கோதை இரண்டு கைகளையும் போனைச் சுற்றி அணை போல வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோடு முக்கால்வாசி வந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. வந்ததும் மறுபடி முதலிலிருந்து. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.

ஒருவழியாக வந்து சேர்ந்த வீடியோவைத் திறந்து பார்த்தேன். பூங்கோதையின் முகம், திரை முழுக்க முகம் மட்டும். கண்ணீர் தாரைதாரையாக வழிகிறது.

"ஏன் அழுவுறாங்க?" என்று ஆத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அது அவுக ரெண்டு பேரு சமாச்சாரம் தாயி" என்றார்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேரும் வந்தார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை பார் என்று பூங்கோதை கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது எதிரே பஸ் நின்றது. அதிலிருந்து குதித்த ஒருவர் ரோட்டைக் கடக்கும்போதே எங்கள் கடையில் பூங்கோதையைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தார். தூங்காத கண், கசங்கிய சட்டை, தோளில் ஒரு பை. பூங்கோதை துள்ளி எழுந்தாள். அவள் கணவர்தான்.

அவர் கைகள் படபடத்தன. கன்னத்தில் விரலால் கண்ணீர்க் கோடு இழுத்தார். அவள் வயிற்றைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றுமில்லையா என்பதுபோல் நின்றார். கடையில் யாருக்கும் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "போன தடவ உண்டானது தங்கல தாயி. இந்தத் தடவயும் போயிருச்சுன்னு நெனச்சு ஓடியாந்திருக்காரு" என்று ஆத்தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பூங்கோதை தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். ஒரு விரலால் காற்றில் டிவி மாதிரி ஒரு கட்டம் போட்டாள். தன் கண்ணைத் தொட்டாள். வயிற்றின்மேல் கையை வைத்து, உள்ளங்கையை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினாள். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் குழந்தையின் நெஞ்சு துடிப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் அத்தனை அழுகையும். வீடியோவிலும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். கைகள் படத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. பூங்கோதை அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சி நல்லா விழணும்னுதான்யா கிட்டக்கப் போயிப் புடிச்சேன்" என்றார் ஆத்தா, யாரும் கேட்காமலே. சேவியர் அண்ணன் எல்லாருக்கும் டீ சொன்னார். நான் விசைப்பலகையைத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் தூசி.

அதன் பிறகு வீடியோ எடுக்கும் வேலை என்னுடையதாயிற்று. சுவர் ஓரமாக அவளை உட்கார வைத்து, தலையிலிருந்து இடுப்புவரை தெரியும்படி எடுப்பேன். 'சாப்பிட்டாயா', 'மழை', 'கோபம்' எல்லாம் எனக்கே பழகிவிட்டது. கணவனுக்கு மட்டும் சொல்கிற பேச்சு வரும்போது என்னைப் பார்த்து முறைப்பாள். போனைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொள்வேன். வேறு எப்படித்தான் காதைப் பொத்திக்கொள்வது?

பெண் குழந்தை பிறந்தது. நானும் கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு விசேஷத்துக்காகக் குளத்தூர் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் கூடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வேகவேகமாகக் கைகளால் பேசிக்கொண்டிருந்தாள். போனுக்குள் அவள் கணவர். பூங்கோதைதான். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். போனை என் பக்கம் திருப்பினாள். தலை நரைத்த அவர் சிரித்துக் கும்பிட்டார். அவர்கள் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புதுப்புதுச் சொற்கள் சேர்ந்திருந்தன. ஒரு நிமிடம்கூட இருக்காது, டூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் அவளைவிட உயரமாக அவள் மகள். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அத்தை, நான் வயித்துல உசுரோட இருக்கேங்கிறத நீங்கதான் அப்பாவுக்கு அனுப்பினீங்களாமே? எதுலருந்து அனுப்பினீங்க?"

"அந்தா, அந்தக் கடையில..." என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். கடை இருந்த இடத்தில் இப்போது பைக் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை இறக்கவில்லை. அவளும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.