நீலமாக மட்டும் வந்த ஸ்லைடு

காலை ஏழே கால். பதினொரு மெழுகு பிளாக்குகள். முதல் பெயர் ஸ்டெல்லா மேரி. எங்கள் தொழிலில் நோயாளி முழு ஆளாக வருவதில்லை, மெழுகில் பதிந்த நகக்கண் அளவு சதையாகத்தான் வருவார். குரோம்பேட்டையில் ஒரு லேபில் இருபது வருடமாக அந்தச் சதையைச் சீவிச் சாயம் ஏற்றுகிறேன். தனியறை, ஒற்றை நாற்காலி. மைக்ராஸ்கோப்புக்குக் கழுத்தைக் கொடுத்துவிட்ட சக லேப்காரர்களான உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பூட்டு

ஸ்டெல்லா தாம்பரத்தில் கணக்கு டீச்சர். வலது தோளில், நரம்பை ஒட்டி ஒரு கட்டி; புற்றுநோயா, இல்லையா என்று தெரிய வேண்டும். ரிசல்ட்டுக்கு அவர் கணவர் ஜெபராஜ் நேரிலேயே வந்துவிட்டார். என்ன டெஸ்ட் என்று கேட்டார். விளக்கினேன்.

டி.என்.ஏ. என்ற நூல் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றியிருக்கும். ஒரு நொதி அந்தப் புரதத்தில் ‘மூடு’ என்று குறி வைக்கும். குறி உள்ள இடத்து ஜீன் அடங்கிக் கிடக்கும். நொதி கெட்டால் குறி அழியும், அடங்கியதெல்லாம் கிளம்பும். குறி இருந்தால் ஸ்லைடில் பழுப்பு தெரியும்; இல்லையென்றால் அடிச்சாயத்தின் நீலம் மட்டும். கட்டியில் பழுப்பே இல்லையென்றால் கெட்ட செய்தி. அந்த வாரம் நான் ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப ஜீனைப் பாக்கலை, பூட்டைத்தான் பாக்குறீங்க, இல்லையா சார்?”

ரத்தக்குழாய்

மதியம் ஸ்லைடு வந்தது. பழுப்பே இல்லை, எல்லாம் நீலம். ‘குறி இல்லை’ என்று எழுதி, ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் டாக்டர் கமலாவிடம் கொடுத்தேன். அதே ஸ்லைடில் இருக்கும் நல்ல ரத்தக்குழாய்ச் செல்களில் குறி கட்டாயம் இருக்கும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்தார்; அதுவும் நீலம். காலையில் அந்த ஒரு ஸ்லைடில் மட்டும், குறியைக் காட்டும் ஆன்டிபாடியை ஊற்ற மறந்திருக்கிறேன். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. “ஊத்தாமலே இல்லைன்னு எழுதிட்டீங்களே, முருகேசன்.”

மறுநாள்

டெஸ்ட் சரியாக வரவில்லை, நாளை வாருங்கள் என்று ஜெபராஜிடம் சொன்னேன். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு அவர் முகம் தெளிந்தது. அதை நான் திருத்தவில்லை.

மறுநாள் ஒவ்வொரு சொட்டையும் பார்த்துப் பார்த்து விட்டேன். ரத்தக்குழாய் பழுப்பு, கட்டி மட்டும் நீலம். டாக்டர் ஜெபராஜை உட்கார வைத்து, புற்றுநோய்தான் என்று சொன்னார். பிறகு அவர் ரிப்போர்ட் கவருடன் என் கதவருகே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “விடுங்க சார். நேத்து நாங்க ரெண்டு பேரும் நல்லா தூங்கினோம்.”

இருபது வருடத்தில் ஒரு நோயாளிக்கு என் கையால் நேரடியாக நடந்த ஒரே நன்மை, நான் செய்ய மறந்த வேலைதான்.

ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா மேரிக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது.