வீட்டோட வரணும்

மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டுக்கு நான் வாடகைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வேலை இங்கே பள்ளிக்கூடத்தில். துணை என்று சொன்னால் ஒரு பம்ப் ஸ்டவ்தான்; அதுவும் பற்றவைத்தால் தெருவையே கூட்டும்.

எதிர்வீட்டு அம்மா தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். முன்கட்டில் வீட்டுக்காரர்களுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு, "வீட்டோட வரணும். அன்னைக்கு இந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, ஆமா!" என்றார். எங்கள் தெருவில் அதுதான் முழு அழைப்பு.

பின்கட்டில் அரிசி புடைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒரே குழப்பம். வீட்டோட என்றால் குடியிருக்க வந்தவளும் சேர்த்தியா? என் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கியதும் நான்தான், கூப்பிடாத இடத்துக்குப் போவேனா என்று முறுக்கிக்கொண்டதும் நான்தான்.

கல்யாணத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். வீட்டுக்காரர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். நான் ரோஷமாக ஸ்டவ்வைப் பற்றவைத்து உலை வைத்தேன். முன்கட்டில் ஒரு தாம்பாளம் எடுக்க ஓடிவந்த எதிர்வீட்டு அம்மாவுக்கு மேளத்தையும் மீறி அந்த இரைச்சல் கேட்டுவிட்டது.

"ஏ டீச்சர்! அடுப்பு எரியக் கூடாதுன்னு அம்புட்டு சொன்னேனே, காதுல விழலயா?"

"என்னையும் சேத்துச் சொன்னீங்கன்னு நினைக்கலம்மா..."

"பின்னே செவத்துக்கா சொன்னேன்? எம் மக கல்யாணத்தன்னைக்கு இங்க ஒல கொதிக்குதாம்ல! எந்திரி!"

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். திட்டு மட்டும் அசல் மதுரைத் தமிழ். ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டு அணைத்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பந்தலில் ஓர் இலை முன்னால் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளிக்கவில்லை, அதற்குள் அவர் குரல். "இந்தா புள்ள, வீட்டாளு மொதப் பந்தியில உக்காரலாமா? சாம்பார் வாளியத் தூக்கு!"

நாலு பந்திக்குத் தூக்கினேன். நல்ல சேலை பாழ். கடைசிப் பந்தியில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பாயச அண்டா காலி.

"நமக்கென்ன பாயசம், ரசத்தக் குடி" என்றார்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். எதிர்வீட்டுக் கல்யாணம் ஜோராக நடந்தது, எனக்குப் பாயசம் கிடைக்கவில்லை என்று எழுதி, பாயச வரிக்கு அடியில் கோடும் போட்டேன்.