தாம்பரத்தில் லைன் கிடைக்கவில்லை

தாம்பரத்திலேயே வண்டி நின்றுவிட்டது. செங்கல்பட்டுக்கு அப்பால் மழையில் லைன் மூழ்கிக் கிடக்கிறதாம். விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் என் மனைவிக்குக் காலையிலிருந்து பிரசவ வலி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டேஷன் வாசலில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுகிறேன்.

அங்கே நனைந்த குடைகளோடு ஒரு கூட்டம். "சார், லைன்ல வாங்க," என்கிறார் பூத் நடத்தும் அக்கா. எனக்கு முன்னால் இருப்பவர் தன் மச்சானிடம் மழைக்கதை பேசி முடிப்பதற்குள் என் நகமெல்லாம் தீர்ந்துவிடுகிறது.

என் முறை வந்ததும் அக்காவே நம்பரை அழுத்திப் பார்க்கிறார். "லைனே கிடைக்கல சார். மழையில ஒரே பேஜாரா கீது."

"ரயிலுக்கும் லைன் இல்ல, போனுக்கும் லைன் இல்ல. இதுக்கா இவ்ளோ நேரம் லைன்ல நின்னேன்?" கத்திவிடுகிறேன். "அங்க என் வொய்ஃபுக்கு டெலிவரி, அக்கா!"

அவர் முகம் மாறுகிறது. "இத மொதல்லயே சொல்ல வேணாமா?"

மற்றவர்களைக் கையமர்த்திவிட்டு, விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார். திடீரென்று, "லைன்ல கீறாங்க, பேசு சார்!"

மறுமுனையில் மாமியாரின் குரல். "அத்தை" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அக்கா ரிசீவரைப் பிடுங்கிக்கொள்கிறார்.

"ஏம்மா, உங்க மருமவன் பேச முடியாம நிக்கிறாரு. பொண்ணு எப்டி கீது?"

கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"ரெண்டு பேரும் நல்லா கீறாங்க சார். பொம்பளப் புள்ள."

பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டுகிறார்கள். நான் பஸ் பிடிக்க மழையில் இறங்கி ஓடுகிறேன்.